அப்பாவின் நோய்க்கு முற்பிறவி வினைதான் காரணம் என்று பௌத்தமும் சொல்கிறதா?

கேள்வி: சிவதாபுரத்து மகள்

அனைவருக்கும் வணக்கம். பௌத்தம் பற்றி இங்கே நடக்கும் உரையாடல்களைச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். நான் எழுதுவது இதுவே முதல் முறை.

என் தந்தை 40 ஆண்டுகள் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உழைத்தவர். எட்டு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஆனால் நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறோம். பகலில் அம்மா, இரவில் நான். சென்ற மாதம் பார்க்க வந்த உறவினர் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "போன பிறவியில் செய்ததை இந்தப் பிறவியில் அனுபவித்துத்தானே தீர வேண்டும்" என்று சொன்னார். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். அவர் போன பிறகு பார்த்தால், அப்பாவின் கண்ணிலிருந்து வழிந்த நீர் காதுவரை ஓடித் தலையணையை நனைத்திருந்தது.

அந்தச் சொல் என்னை விடவில்லை. இதற்கு வேறு விடை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடித்தான் புத்தரைப் படிக்கத் தொடங்கினேன். ஆனால் அங்கேயும் வாழ்க்கை துன்பம் என்றும், துன்பத்திற்குக் காரணம் ஆசை என்றும், வினைக்குப் பயன் உண்டு என்றும்தான் முதலில் கண்ணில் பட்டது. அப்படியானால் அந்த உறவினர் சொன்னதைத்தான் புத்தரும் சொல்கிறாரா? அப்பா எழுந்து உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நான் ஆசைப்படுகிறேனே, அந்த ஆசையையும் விட்டுவிட வேண்டும் என்கிறாரா? எண்வகை மார்க்கம் என்பது துறவிகளுக்கு மட்டும் உரியதா, அல்லது தொடர்ந்து அரை மணி நேரம் கண்மூடி உட்கார வழியில்லாத என்னைப் போன்றவளுக்கும் அதில் இடமுண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அஸ்தம்பட்டி

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான விடை, புத்தரின் உரைகளைத் தாங்கிய பாலி மொழி நூல்களிலேயே இருக்கிறது. புத்தர் அதைச் சொல்லவில்லை, சொன்னவர்களை மறுத்தார்.

இராசகிருகத்தில் சீவகன் என்னும் பரிவிராசகன் (ஊர் ஊராகத் திரியும் துறவி) ஒருவன் புத்தரிடம் வந்து, ஏறக்குறைய உங்கள் கேள்வியையே கேட்டான். ஒரு மனிதன் அடையும் இன்பமோ துன்பமோ எதுவாயினும் அது முன்செய்த வினையால் வந்ததே என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றான். புத்தர் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, கபத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, இம்மூன்றும் கூடி வருவது உண்டு, பருவ மாற்றத்தால் வருவது உண்டு, உடம்பை முறையாகப் பேணாததால் வருவது உண்டு, பிறர் தாக்குவதால் வருவது உண்டு, எட்டாவதாக வினைப்பயனால் வருவதும் உண்டு. எல்லாமே முன்வினை என்று சொல்பவர்கள், தாங்களே நேரில் அறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஏற்றதையும் மீறிப் பேசுகிறார்கள், அது அவர்களுடைய தவறு என்று முடித்தார். வாத பித்த கபக் கணக்கை இன்றைய மருத்துவம் ஏற்காமல் போகலாம். ஆனால் நோய்க்கு உடம்பில் காரணம் தேடு, நோயாளியின் குணத்தில் தேடாதே என்ற அணுகுமுறை அன்றே இருந்தது என்பதைக் கவனியுங்கள். பக்கவாதம் மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதாலோ, அங்கே இரத்தக் குழாய் வெடிப்பதாலோ வருகிறது. அதை உங்கள் தந்தையின் நடத்தைக்குக் கிடைத்த தீர்ப்பாகப் படிக்கும் உரிமை எந்த உறவினருக்கும் இல்லை.

வேறோர் இடத்தில் புத்தர் இதைவிடக் கடுமையாகவே பேசுகிறார். எல்லாம் முன்வினை என்றால், இன்று கொலை செய்கிறவன் முன்வினையால்தான் கொலை செய்கிறான் என்றாகிவிடும். அப்போது இதைச் செய்ய வேண்டும், இதைச் செய்யக் கூடாது என்ற முயற்சிக்கே இடமில்லாமல் போய்விடும் என்கிறார். வினைக் கோட்பாடு மனிதனைக் கட்டிப்போடுவதற்காகச் சொல்லப்பட்டதன்று, முயற்சிக்கு வழிதிறப்பதற்காகச் சொல்லப்பட்டது என்பது இதிலிருந்தே விளங்கும்.

அப்படியானால் அவர் வினை என்று எதைச் சொன்னார்? "பிக்குகளே, எண்ணத்தையே நான் வினை என்கிறேன்" என்பது அவர் வாக்கு. மனம் ஒன்றை நினைத்துத் துணிந்த பிறகே உடலும் வாயும் செயல்படுகின்றன. அந்தத் துணிவுதான் வினை. நம் மணிமேகலையில் தீவினை பத்து என்று எண்ணப்படுகின்றன: கொலை, களவு, காமம் என உடம்பில் தோன்றுவன மூன்று; பொய், குறளை (கோள் சொல்லுதல்), கடுஞ்சொல், பயனில்சொல் எனச் சொல்லில் தோன்றுவன நான்கு; வெஃகல் (பிறர் பொருளை விரும்புதல்), வெகுளல், பொல்லாக் காட்சி (தவறான நோக்கு) என உள்ளத்தில் தோன்றுவன மூன்று. இந்தப் பட்டியலில் நோய் இல்லை, வறுமை இல்லை, ஊனம் இல்லை. ஒருவர் மேல் வந்து விழுவதன்று, அவர் உள்ளத்திலிருந்து எழுவதே வினை. அந்தக் கணக்கில் பார்த்தால், இரவில் நீங்கள் உங்கள் தந்தையைப் புரட்டிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் வினை. கட்டிலருகே நின்று உங்கள் உறவினர் சொன்ன சொல்லும் வினைதான்.

பழைய வினையின் பயனே எங்கும் இல்லை என்றும் புத்தர் சொல்லவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அதற்கு அவர் கொடுத்த உவமை உப்புக் கட்டி. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் அந்தக் கட்டியைப் போட்டால் குடிக்க முடியாது. அதே கட்டியைக் கங்கையில் போட்டால் தண்ணீரின் சுவை மாறுவதில்லை. செய்த செயல் அதேதான்; பயன் எப்படி உணரப்படும் என்பதை அந்த மனிதன் வளர்த்துக்கொண்ட உள்ளத்தின் அகலம் தீர்மானிக்கிறது.

வாழ்க்கையே துன்பம் என்று நீங்கள் படித்தது அரைகுறையான சுருக்கம். சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்கு அளித்த முதல் உரையில், பிறப்பு, மூப்பு, சாவு, விரும்பாததோடு சேர்தல், விரும்பியதைப் பிரிதல், கேட்டது கிடைக்காமை என்று துன்பத்தைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். அதோடு நிறுத்தவில்லை. துன்பத்தை முழுமையாக அறிய வேண்டும், அதன் காரணத்தை விட வேண்டும், அதன் நீக்கத்தை நேரில் காண வேண்டும், அதற்கான வழியை வளர்க்க வேண்டும் என்று நான்குக்கும் நான்கு வேலைகள் தருகிறார். "நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்" என்னும் குறளைப் பள்ளியில் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்த நான்கும் நினைவுக்கு வரும். மணிமேகலையில் சாத்தனார் இதே நான்கைத்தான் சுருக்கமாக,

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

என்று பாடினார். இதில் அவர் ஆசை என்று சொல்லவில்லை, பற்று என்றே சொல்கிறார். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஆனால் அதை நோயாளியோடு வாழ்ந்த ஒருவர் விளக்கினால் பொருத்தமாக இருக்கும்.

பதில்: மிளகுக்கொடி, ஏற்காடு

ஆசிரியர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், சகோதரி. நினைவு தப்பிப்போன என் அம்மாவை மூன்று ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் நான்.

புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தரிடம் உண்ணாபன் என்ற அந்தணர் ஒருவர், ஆசையை ஒழிக்க வேண்டும் என்ற ஆசையைக் கொண்டே ஆசையை எப்படி ஒழிப்பது, இதற்கு முடிவே இருக்காதே என்று கேட்டார். ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: இந்தத் தோட்டத்திற்கு வர வேண்டும் என்ற விருப்பம் உமக்கு முதலில் இருந்ததா? இருந்தது. வந்து சேர்ந்த பிறகு அந்த விருப்பம் என்ன ஆயிற்று? அடங்கிவிட்டது. அவ்வளவுதான் என்றார் ஆனந்தர். சேலத்திலிருந்து மலையேறுபவர் யாரும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் விருப்பமில்லாமல் கடந்து வர முடியாது. பாலியில் இத்தகைய விருப்பத்திற்கு சந்தம் என்று பெயர். துன்பத்திற்குக் காரணம் என்று புத்தர் சொன்னது வேட்கையை. பாலியில் அது தண்ஹா. இரண்டையும் தமிழில் ஆசை என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அப்பா எழுந்து உட்கார வேண்டும் என்பது விருப்பம். அந்த விருப்பம் அவருக்கு மருந்து கொடுக்கவும் கைகால்களை நீவிவிடவும் உங்களை எழுப்பிவிடுகிறது. இன்றைக்கே எழுந்து உட்கார்ந்தால்தான் நான் நிம்மதியாக இருப்பேன் என்பது வேட்கை. அது உங்களைப் படுத்துவதோடு, அவர் உட்காராத நாளில் அவர்மேலேயே கோபமாகவும் மாறிவிடும்.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. மாலை ஆனதும் என் அம்மா வாசலில் வந்து நின்று, "கடைசி பஸ் வந்துவிட்டதா, என் பையன் வந்துவிட்டானா" என்று என்னிடமே கேட்பார். நான்தான் அம்மா உங்கள் பையன் என்று சொல்வேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் கேட்பார். மார்கழிப் பனியில் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறாவது முறை, ஏழாவது முறை கேட்கும்போது நான் சத்தம் போட்டிருக்கிறேன். புத்தர் இரண்டு அம்புகள் பற்றிச் சொல்கிறார்: பயிற்சியில்லாதவன் உடல் வலி வந்ததும் அழுது புலம்பி மனத்திலும் வலியை வரவழைத்துக்கொள்கிறான், ஓர் அம்பு தைத்தவனை உடனே இன்னோர் அம்பாலும் எய்தது போன்றது அது. பயிற்சியுள்ளவனுக்கு முதல் அம்பு மட்டுமே. அம்மா என்னை அடையாளம் தெரியாமல் போனது முதல் அம்பு. அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. எனக்கு ஏன் இப்படி, இது எப்போது முடியும் என்று நான் குமைந்துகொண்டிருந்தது இரண்டாவது. ஒருநாள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, அவர் பக்கத்தில் நின்று நானும் சாலையைப் பார்த்தேன். பஸ்ஸின் விளக்கு வெளிச்சம் மூடுபனிக்குள் தெரிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். எனக்குத்தான் கோபம் குறைந்தது.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரை மற்றவர்கள் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். புத்தர் தாமே தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிட, இருவருமாக அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அதன் பிறகு சங்கத்தைக் கூட்டி, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயுற்றவருக்குப் பணிவிடை செய்யட்டும் என்றார். மலம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றை அருவருப்பின்றி அகற்றுவதையும் நோயாளியைப் பேணுபவருக்குரிய தகுதிகளில் ஒன்றாக, துறவிகளுக்கான ஒழுக்க விதிகளைக் கூறும் வினய நூல் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மார்க்கம் உங்கள் வீட்டுக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

பதில்: வசிட்ட நதி, ஆத்தூர்

எல்லாம் முன்வினை என்ற பேச்சை ஆசிரியர் மறுத்தது சரி. ஆனால் எட்டில் ஒன்றாக அதை விட்டுவைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் தாத்தா காலத்தில், சேரியில் பிறந்ததற்கும் செருப்புப் போடாமல் தெருவில் நடக்க வேண்டியிருந்ததற்கும் இதே முன்வினையைத்தான் காரணமாகச் சொன்னார்கள். சிறு இடைவெளி கொடுத்தாலும் அதன் வழியாக முழு அநீதியும் உள்ளே வந்துவிடும். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த நூலில், புத்தரின் வினைக் கோட்பாடு இந்தப் பிறவிக்குரியது, உலகின் ஒழுக்க அமைதியைத் தாங்குவது, முற்பிறவிக் கணக்கை அதில் ஏற்றுவது புத்தரின் பிற கருத்துகளோடு பொருந்தாது என்றே வாதிட்டார். நான் அந்தப் பக்கம் நிற்கிறேன்.

நம் சேலம் மாவட்டத்திற்கு இது அயலார் சமயமும் அன்று. எங்கள் ஊருக்கு அருகே தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபட்டு வந்த சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறை ஆய்வு செய்து சொன்னதை ஏற்று, 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் தந்தையை அழைத்துவரும் நிலை வந்தால், தியாகனூரில் சிலைக்கு எதிரே சிறிது நேரம் அமர்ந்துவிட்டுப் போங்கள், அக்கா.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அஸ்தம்பட்டி

ஆத்தூர்த் தம்பியின் கோபம் நியாயமானது. நூலில் இருப்பதை நூலில் இருப்பதாகச் சொல்வது மட்டுமே என் வேலை. மறுபிறவியை ஏற்காதவரையும் புத்தர் வெளியே நிறுத்தவில்லை. காலாமர் என்னும் குலத்து மக்களிடம் பேசும்போது, மறுமை இருந்தால் நல்லுள்ளத்தோடு வாழ்ந்தவன் நற்கதி அடைவான், இல்லையென்றாலும் இங்கேயே பகையின்றித் துன்பமின்றி வாழ்கிறான் என்று இரண்டு பக்கமும் உறுதி சொல்கிறார். அம்மாவின் மூன்றாவது கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நற்காட்சி, நல்லெண்ணம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி (விழிப்போடு இருத்தல்), நல்லமைதி (மன ஒருமை) என்னும் எட்டில் கண்மூடி அமரும் பழக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை கடைசி இரண்டே. நகுலபிதா என்ற இல்லறத்தார், மூப்பும் நோயும் வந்த நிலையில் புத்தரிடம் வந்தபோது, உடல் நோயுற்றாலும் உள்ளம் நோயுறாதபடி பயிலுங்கள் என்றுதான் அவருக்குச் சொன்னார். அவரைக் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர்: சிவதாபுரத்து மகள்

எல்லோருக்கும் நன்றி. சீவகனுக்குச் சொன்ன எட்டுக் காரணங்களையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே முகம் தெரியாது என்பதால்தான் எழுதுகிறேன். சென்ற வாரம் அதிகாலை மூன்று மணிக்கு, துணியெல்லாம் மாற்றிய பிறகு மறுபடியும் நனைந்துவிட்டது. அந்த நேரத்தில், இது எல்லாம் முடிந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. எண்ணமே வினை என்று ஆசிரியர் எழுதியதைப் படித்ததிலிருந்து அதுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பதில்: மிளகுக்கொடி, ஏற்காடு

சகோதரி, அந்த எண்ணம் எனக்கும் வந்திருக்கிறது. வேட்கை மூன்று வகை என்கிறார் புத்தர். புலனின்பம் வேண்டும் என்பது ஒன்று, இருக்க வேண்டும் என்பது ஒன்று, இல்லாமல் போய்விட வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றாவதை அவரே எண்ணிச் சொல்லியிருக்கிறார் என்றால், அது உங்களுக்கு மட்டும் வந்த கொடுமை அல்ல. மேலும், மனத்தில் ஒன்று தோன்றுவது வேறு, அதைத் துணிந்து கைக்கொள்வது வேறு. நீங்கள் அந்த எண்ணத்தோடு என்ன செய்தீர்கள்? மறுபடியும் துணியை மாற்றினீர்கள். துணிந்தது அதைத்தான்.

ஞானம் பெறுவதற்கு முன்பு புத்தரும் தம் எண்ணங்களை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்ததாகச் சொல்கிறார். எதை அடிக்கடி நினைக்கிறோமோ அந்தப் பக்கமே மனம் சாய்கிறது என்கிறார். அதற்கு மாடு மேய்ப்பவனை உவமையாகக் காட்டுகிறார். பயிர் அடர்ந்து நிற்கும் பருவத்தில் அவன் கோலோடு நின்று மாடுகளை வயலில் இறங்காமல் தட்டித் திருப்புகிறான். அறுவடை முடிந்த பிறகோ மரத்தடியில் அமர்ந்து, மாடுகள் அங்கே நிற்கின்றன என்ற நினைவோடு மட்டும் இருக்கிறான். வரப்பு ஓரம் வந்த மாட்டைத் திருப்பிவிட்டதற்காக யாரும் மேய்ப்பவனைக் குற்றம் சொல்வதில்லை.

உங்கள் வீட்டுத் தொழிலிலிருந்தே இன்னோர் உவமையும் உண்டு. கொல்லன் வெள்ளியின் மாசை நீக்குவதுபோல, அறிவுள்ளவன் சிறிது சிறிதாக, கணந்தோறும் தன் மாசை நீக்க வேண்டும் என்று தம்மபதம் சொல்கிறது. பொற்கொல்லனைப் பற்றி வேறிடத்தில் இன்னும் விரிவாக வருகிறது. அவன் நேரமறிந்து ஊதுகிறான், நேரமறிந்து நீர் தெளிக்கிறான், நேரமறிந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊதிக்கொண்டே இருந்தால் பொன் எரிந்துவிடும். நீர் தெளித்துக்கொண்டே இருந்தால் ஆறிவிடும். பார்த்துக்கொண்டே இருந்தால் பதமாகாது. முயற்சியும் ஒருமையும் நடுநிலையும் இப்படி மாறி மாறித்தான் வர வேண்டும். எட்டு மாதங்களாக நீங்கள் ஊதிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வாரத்தில் இரண்டு இரவாவது வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: சிவதாபுரத்து மகள்

சனி, ஞாயிறு இரவுகளில் வருவதாகச் சித்தி மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

கொல்லன் உவமையை நேற்று அப்பாவிடம் வாசித்தேன். ஊதுவது பற்றி வந்தபோது கண்ணை மூடித் திறந்தார். ஆம் என்பதற்கு எங்கள் வீட்டில் இப்போது அதுதான் அடையாளம். நீர் தெளிப்பது என்று படித்ததும் தலையை இடமும் வலமும் அசைத்தார். வெள்ளி உருகும்போது நீர் தெளிப்பதில்லையா என்று கேட்டேன், மறுபடியும் அசைத்தார். இடக்கையின் விரல்களைக் குவித்து, எதையோ கிள்ளித் தூவுவதுபோல் செய்துகொண்டே இருந்தார். உப்பா, மண்ணா, கரித்தூளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "மூசையில் வெண்காரம் போடுவார்கள் அல்லவா, அதைத்தான் சொல்கிறார்" என்றார். அப்பா கண்ணை மூடித் திறந்தார்.